ஊருக்குப் போன டெய்லரம்மா

காற்றில் குளிர் ஏறத் தொடங்கியதும் சலவைக்கடையில் கூட்டம் சேர்ந்துவிடும். அலமாரி உச்சியிலும் கட்டிலுக்கு அடியிலும் ஒரு வருஷமாகக் கிடந்த கோட்டுகளும் கம்பளிச் சட்டைகளும் அந்துருண்டை வாசத்தோடு வந்து இறங்கும். போட்டுப் பார்த்த பிறகுதான் பலருக்கும் விஷயம் புரியும். பட்டன் ஒரு பக்கம், காஜா ஒரு பக்கம் நிற்கும். நடுவில் வயிறு நிற்கும். அப்படி வருகிறவர்களை முதலாளி கடையின் பின்பக்கம் கையைக் காட்டி அனுப்பிவிடுவார்.

"டெய்லரம்மாகிட்ட போங்க. பார்த்துச் செஞ்சு கொடுப்பாங்க."

டெய்லரம்மாவின் இடம் இஸ்திரி மேடைக்கும் ஜன்னலுக்கும் நடுவில். ஒரு பக்கம் நீராவி, மறுபக்கம் ஜன்னல் இடுக்கில் வரும் குளிர்க்காற்று. வலது தோள் வேர்த்திருக்கும், இடது தோள் விறைத்திருக்கும். இருபது வருஷத்துக்கு மேலாக அந்த ஒரே நாற்காலி. புருஷன் போனபோது மகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவளைப் படிக்கவைத்து, கல்யாணமும் செய்து கொடுத்தாயிற்று.

இடுப்பைப் பிரித்துவிட வருகிறவர்கள் கூச்சப்பட்டுக்கொண்டுதான் வருவார்கள். டெய்லரம்மா இஞ்ச் டேப்பைச் சுற்றிக்கொண்டே, அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்னால், "இந்த மாதிரித் துணியே இப்படித்தாங்க. ரெண்டு தண்ணி பட்டா சுருங்கிரும்" என்பாள். வந்தவர் முகம் தெளிந்துவிடும். வியாதியில் இளைத்துப்போய்ச் சட்டையைப் பிடிக்க வருகிறவர்களிடம், "கம்பெனிக்காரன் அளவு எடுக்கவே மாட்டான்போல, மூட்டை மாதிரி தைச்சு வச்சிருக்கான்" என்பாள். இதெல்லாம் பொய் என்று அவளுக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். ஆனாலும் அந்தப் பொய்யைக் கையில் பிடித்துக்கொண்டு அவர்கள் நிமிர்ந்து நடந்து போவதைப் பார்த்தால் அவளுக்கு ஒரு திருப்தி.

ஜன்னலுக்கு வெளியே இருக்கும் மரத்தின் இலைகள் பழுத்து உதிரத் தொடங்கினால் அவளுக்கு வேறொரு கவலை பிடித்துக்கொள்ளும். பண்டிகை வரப்போகிறது. கடைவீதியில் விளக்குச் சரம் கட்டுவார்கள். துணியோடு வருகிற ஒவ்வொருவரும் அந்தக் கேள்வியைக் கேட்பார்கள். "பண்டிகைக்கு எங்கம்மா? மக வீட்டுக்கா?" வாயில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டிருப்பது அந்த நேரத்தில் நல்ல வசதி. தலையை மட்டும் ஆட்டினால் போதும்.

அந்தத் தலையாட்டலுக்கு ஒரு கதை இருந்தது.

மகளுக்குக் கல்யாணமான முதல் வருஷம். பண்டிகைக்குக் கொஞ்ச நாள் முன்னால் மகள் போன் செய்தாள். மாமியார் வீட்டில் எல்லாரும் கூடுகிறார்கள், நாத்தனார்கள் குடும்பத்தோடு வருகிறார்கள், படுக்கவே இடம் இருக்காது என்று சுற்றி வளைத்துச் சொல்லிக்கொண்டே வந்து, "நீ என்னம்மா பண்ணுவ?" என்று நிறுத்தினாள். மகள் தவித்துப்போய் நிற்பது குரலிலேயே தெரிந்தது. டெய்லரம்மா யோசிக்கவே இல்லை. இடுப்பு அளவு எடுக்கும்போது வருகிற மாதிரி வாயில் தானாக வந்தது.

"எனக்கென்னடி? கீழ்வீட்டுல கட்டாயம் வரணும்னு சொல்லியிருக்காங்க. வரலேன்னா கோவிச்சுப்பாங்க."

மறுமுனையில் மகள் விட்ட பெருமூச்சு காதில் விழுந்தது. "அப்பாடா. நிஜமாவாம்மா? நல்லதாப் போச்சு."

நல்லதாகத்தான் போயிற்று. அன்று சாயங்காலமே மாடிப்படியில் கீழ்வீட்டுக்காரி எதிர்ப்பட்டாள். ஆஸ்பத்திரிச் சமையல்கூடத்தில் வேலை செய்கிறவள், வாயும் கையும் தாராளம். "பண்டிகைக்கு என்னக்கா? இங்கேதான்னா நம்ம வீட்டுக்கு வந்துருங்க" என்றாள். இவள் எதற்கு என்னைப் பாவப்பட்டுக் கூப்பிட வேண்டும் என்று டெய்லரம்மாவுக்குச் சுருக்கென்றது. "மக விடுவாளா? ரெண்டு நாள் முன்னாடியே வரச் சொல்றா" என்றாள்.

இப்படி இரண்டு பொய்யும் ஒரே நாளில் பிறந்தன. ஒன்று மகளிடம் நின்றது, ஒன்று கீழ்வீட்டில் நின்றது. நடுவில் டெய்லரம்மா மாட்டிக்கொண்டாள்.

ஊருக்குப் போகிறேன் என்று சொன்னால் போய்த்தானே ஆகவேண்டும்? பண்டிகைக்கு முந்தின நாள் காலையில் பெட்டியை எடுத்துக்கொண்டு எல்லாரும் பார்க்கப் படி இறங்குவாள். கீழ்வீட்டுக்காரி வழியில் சாப்பிடக் கைநிறையப் பொட்டலம் கட்டிக் கொடுப்பாள். மேல்வீட்டு பஸ் டிரைவர் பெட்டியை வாங்கி வாசல்வரை கொண்டுவந்து வைப்பார். டெய்லரம்மா பஸ் நிலையத்துக்குப் போய், போகிற பஸ் வருகிற பஸ்ஸையெல்லாம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இருட்டத் தொடங்கியதும் திரும்புவாள். கட்டடம் முழுக்க விருந்தாளிகள் வரும் நேரம் அது. ஒவ்வொரு வீட்டிலும் பாட்டும் சிரிப்புமாக இருக்கும். தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு, சுவரை ஒட்டிப் படியேறி வீட்டுக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுவிடுவாள்.

அப்புறம் இரண்டு நாள் அவள் அந்த வீட்டில் இல்லை. விளக்குப் போடக்கூடாது. செருப்புப் போட்டு நடக்கக்கூடாது. இருமல் வந்தால் தலையணை. தெருப்பக்க ஜன்னலுக்குப் போர்வை. கீழ்வீட்டுக்காரி கட்டிக் கொடுத்த பொட்டலத்தைச் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்து பிரித்துச் சாப்பிடுவாள். தன் சொந்த வீட்டுக்குள் தானே திருடி மாதிரி இருக்கிறோமே என்று தோன்றும். அடுத்த வருஷம் இந்தக் கூத்து வேண்டாம், உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பாள். ஆனால் உண்மையைச் சொல்வதென்றால் போன வருஷத்துப் பொய்யையும் சேர்த்து அல்லவா சொல்லவேண்டும்? வருஷம் ஏற ஏற அதன் எடையும் ஏறிக்கொண்டே போயிற்று.

இந்த வருஷம் கடையில் வேலை கழுத்தை நெரித்தது. பண்டிகைக்கு முந்தின நாள் அவள் பெட்டியோடு படியிறங்கியபோது உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருந்தது. "ரொம்ப வாடிட்டீங்கக்கா. மக வீட்டுல நல்லாத் தூங்கி எழுந்திரிச்சு வாங்க" என்று கீழ்வீட்டுக்காரி கையைப் பிடித்து அனுப்பிவைத்தாள். சாயங்காலம் வழக்கம்போல் திரும்பி வந்து உள்ளே முடங்கினாள்.

பண்டிகை நாள் மத்தியானம். கீழ்வீட்டில் விருந்து களைகட்டியிருந்தது. தட்டுகள் மோதும் சத்தமும் யாரோ ஒருவரின் இடிச்சிரிப்பும் தரை வழியாக ஏறி வந்தன. டெய்லரம்மாவுக்குத் தண்ணீர் தீர்ந்துவிட்டது. சமையலறைத் தொட்டியில் வாளியை வைத்துக் குழாயைத் திறந்தால் சடசடவென்று சத்தம் கேட்கும். அதனால் நூல் மாதிரி மெல்லத் திறந்துவிட்டாள். வாளி நிரம்பி வழிந்தாலும் ஓசை வரக்கூடாதென்று தொட்டிக்குள் வாளியைச் சுற்றிப் பழைய துணியொன்றையும் விரித்து வைத்தாள். நிரம்பக் கொஞ்ச நேரமாகும், அதுவரை முதுகைச் சாய்க்கலாம் என்று உள்ளறைக்குப் போய்ப் படுத்தாள்.

கண் அயர்ந்துவிட்டது.

கீழே யாரோ வீறிட்ட சத்தத்தில் விழித்தாள். காலைத் தரையில் வைத்ததும் பகீரென்றது. ஈரம். துணி போய்த் தொட்டியின் ஓட்டையை அடைத்திருக்கிறது. தண்ணீர் தளும்பிச் சமையலறை முழுக்கப் பரவி, சுவரோரம் கண்ணுக்குத் தெரியாத விரிசல் வழியாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. ஓடிப்போய்க் குழாயை மூடினாள். அதற்குள் படிகளில் தடதடவென்று கால்கள் ஏறி வந்தன.

"தண்ணி மேலேயிருந்துதான் வருது. அக்கா ஊர்ல இல்லையே! குழாயைத் திறந்து போட்டுட்டுப் போயிட்டாங்களோ?" கீழ்வீட்டுக்காரியின் குரல்.

"இவ்வளவு நேரம் ஊத்திச்சு, இப்ப நின்னுருச்சே" என்றது அவள் புருஷனின் குரல்.

டெய்லரம்மா தண்ணீருக்குள் நின்றாள். கதவுக்கும் அவளுக்கும் ஐந்தாறு எட்டுதான் இருந்தது. போய்த் திறந்து, ஊரிலிருந்து இப்போதுதான் வந்தேன் என்று சொல்லலாம். எப்போது வந்தாய், எப்படி வந்தாய், கசங்கின நைட்டியோடா வந்தாய் என்றால்? அவள் கால் நகரவில்லை.

"இருங்க, அவங்க மக நம்பர் எங்கிட்ட இருக்கு. அவசரத்துக்குன்னு கொடுத்திருந்தாங்க" என்றாள் கீழ்வீட்டுக்காரி.

வேண்டாம், வேண்டாம் என்று டெய்லரம்மாவின் உதடு மட்டும் அசைந்தது.

"ஹலோ, நான் உங்கம்மாவோட கீழ்வீடு பேசறேன். அம்மாகிட்ட கொஞ்சம் கொடும்மா... என்னது? எங்க வீட்டுலயா? இல்லையேம்மா. உங்க வீட்டுக்குத்தானே நேத்து கிளம்பி வந்தாங்க. நான்தானே வழியனுப்பினேன்... என்னம்மா சொல்ற? எந்த வருஷமும் வரலையா?"

நாலு வருஷமாக ஒன்றையொன்று பார்க்காமல் வளர்ந்த இரண்டு பொய்களும் ஒரு கதவுக்கு வெளியே சந்தித்துக்கொண்டன. டெய்லரம்மா உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த நொடியே கட்டிலில் கிடந்த அவள் செல்போன் வெளிச்சம் போட்டது. சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தாள். திரையில் மகளின் முகம் வந்து அணைந்தது. மறுபடி வந்தது. பெற்ற பிள்ளை பதறிப்போய்க் கூப்பிடுகிறாள் என்று தெரியும். எடுத்து "இருக்கேன்டி" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். உள்ளறைக்குப் போய்ப் போனைக் கையில் எடுத்தாள். எடுத்த கை அதைத் தலையணைக்கு அடியில் செருகிவிட்டது. பிற்பாடு எதை மறந்தாலும் இந்த ஒன்றை அவளால் மறக்க முடியவில்லை. பொய் சொன்னதுகூடப் போகட்டும், மகள் அழுதுகொண்டிருந்த அந்த நேரத்தில் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு நின்றோமே என்பதுதான் அவளை அரித்தது.

வெளியே மேல்வீட்டு பஸ் டிரைவரும் வந்துவிட்டார். கதவைத் தோளால் அழுத்திப் பார்த்தவர் குரலைத் தாழ்த்தினார். "உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கு. ஆள் உள்ளேதான் இருக்கு."

"ஐயோ அக்கா!" கீழ்வீட்டுக்காரி கதவில் ஓங்கி அறைந்தாள். "அக்கா, விழுந்துட்டீங்களா? சத்தம் கொடுங்கக்கா! நேத்தே முகம் சரியில்ல, நான் பாவி விட்டுட்டேனே..."

அந்த அழுகையைக் கேட்டபிறகுதான் டெய்லரம்மா கதவுப் பக்கம் நடந்தாள். தாழ்ப்பாளில் கைவைத்தாள். அந்த நேரம் பார்த்து டிரைவர் இரும்புக் கம்பியைக் கதவு நிலையில் கொடுத்து நெம்பினார். மரம் பிளந்தது, கதவு அவள் தோளில் இடித்துக்கொண்டு திறந்தது.

கீழ்வீட்டுக்காரி பாய்ந்து வந்து கட்டிக்கொண்டாள். "இருக்கீங்களா! நல்லா இருக்கீங்களா! அடி பட்டுச்சா?" முகத்தையும் கையையும் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு அவள் கைகள் மெல்ல நின்றன. ஜன்னலில் தொங்கிய போர்வை, சுவரோரம் பிரிக்காத பெட்டி, தரையில் தன் கையால் கட்டிக் கொடுத்த பொட்டலத்தின் காகிதம் என்று ஒவ்வொன்றாக அவள் கண் போயிற்று. வாசலில் புதுத்துணி போட்ட விருந்தாளிகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிரைவரின் சின்ன மகள் அப்பாவின் காலுக்கு நடுவிலிருந்து, "ஆன்ட்டி ஊருக்குப் போகலையா?" என்று கேட்டாள். டிரைவர் பிளந்த நிலையை ரொம்பக் கவனமாகத் தடவிப் பார்த்தார். கீழ்வீட்டுக்காரி போனை எடுத்து, "இருக்காங்கம்மா. ஒண்ணும் ஆகல. வீட்டுலதான் இருந்திருக்காங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் படியிறங்கிப் போய்விட்டாள்.

மகளும் மருமகனும் வந்து சேர்ந்தபோது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. விருந்து நடுவில் எழுந்து வந்திருக்கிறார்கள் என்பது உடுப்பைப் பார்த்தாலே தெரிந்தது. மகளின் கண்மை கன்னம்வரை இறங்கியிருந்தது. மருமகன் பளபளக்கும் சட்டையின் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, துணியை எடுத்துப் பிழிந்து பிழிந்து தரையைத் துடைக்கத் தொடங்கினார். டெய்லரம்மா, "ஐயோ விடுங்க மாப்பிள்ளை" என்று துணியைப் பிடித்து இழுத்தாள். "பரவாயில்ல அத்தை" என்று அவர் முகம் நிமிராமலே சொன்னார். அவரிடம் நாலு திட்டு வாங்கியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

மகள் கட்டிலில் உட்கார்ந்தாள். "ஏன்மா?"

"தெரியலடி."

"நான் போன் பண்ணினேனே. எத்தனை தடவை! செத்துட்டியோன்னு நினைச்சேன்."

டெய்லரம்மா நைட்டியின் ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தாள். "வாயில வந்துருச்சு. அப்புறம் மாத்திச் சொல்ல முடியல."

"கூப்பிடலேன்னு கோபமா?"

"சேச்சே. உனக்குச் சங்கடம் வேணாம்னுதான்..."

மகள், மருமகனுக்குக் கேட்காதபடி மெதுவாகச் சொன்னாள். "எனக்குச் சந்தேகம் இருந்துச்சும்மா. கீழ்வீட்டுல என்ன சாப்பாடுன்னு கேட்டா ஒவ்வொரு வருஷமும் ஒரே மாதிரி சொல்லுவ. தோண்டிக் கேட்டா நீ எங்க வீட்டுக்கே வரேன்னு சொல்லிடுவியோன்னு பயந்து விட்டுட்டேன்."

இதைச் சொல்லிவிட்டு அவள் அழவில்லை. ஜன்னலில் இருந்த போர்வையைக் கழற்றி மடிக்கத் தொடங்கினாள். அம்மாவும் மகளும் ஆளுக்கொரு முனையைப் பிடித்தார்கள். கண்ணும் கண்ணும் பார்த்துக்கொள்ளாமலே அந்தப் போர்வையைச் சரியாக மடித்து முடித்தார்கள்.

கீழே போய் மன்னிப்புக் கேட்கவேண்டியது பாக்கி இருந்தது. விருந்தாளிகள் கிளம்பும்வரை காத்திருந்துவிட்டு டெய்லரம்மா தனியாகப் போனாள். சாப்பாட்டு மேஜைக்கு நேர் மேலே கூரைப் பூச்சு பெயர்ந்து, கைப்பிடிக் கணக்கில் மண்ணும் சுண்ணாம்பும் பதார்த்தங்களின் மேல் விழுந்திருந்தன. கீழ்வீட்டுக்காரி எல்லாவற்றையும் ஒரு பெரிய பாத்திரத்தில் வழித்துக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் என்னாலதான். மன்னிச்சுருங்க" என்றாள் டெய்லரம்மா.

"சோறு போனாப் போகுது, திரும்ப ஆக்கிக்கலாம்." கீழ்வீட்டுக்காரி கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "நாலு வருஷம்! அக்கா பஸ்ல பசியோட போவாங்களேன்னு விடியறதுக்கு முன்னாடி எழுந்து ஆக்கிக் கட்டினேன். நீங்க என் தலைக்கு மேலேயே உக்காந்து சாப்பிட்டிருக்கீங்க. நாங்க கீழே பாட்டுப் போட்டுக் கூத்தடிச்சோம். என்னை எவ்வளவு பெரிய முட்டாளாக்கிட்டீங்க!"

"உங்களை ஏமாத்தணும்னு இல்ல..."

"பின்ன என்ன? எங்க வீட்டுல வந்து ஒரு வாய் சாப்பிட்டா உங்க கௌரவம் குறைஞ்சுருமா? நான் ஆஸ்பத்திரிச் சமையக்காரிங்கிறதாலயா?"

அப்படியொரு அர்த்தம் இதற்கு உண்டு என்று டெய்லரம்மாவுக்கு அதுவரை தோன்றியதே இல்லை. இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் முதல் வருஷம் படிக்கட்டில், இவள் எதற்கு என்னைப் பாவப்பட வேண்டும் என்று சுருக்கென்றதே, அது ஞாபகம் வந்தது. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றாள். கீழ்வீட்டுக்காரி அந்த மௌனத்தைப் பதிலாக எடுத்துக்கொண்டாள். பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பண்டிகை விடுமுறை முடிகிறவரை தச்சர் கிடைக்கவில்லை. டிரைவர் தற்காலிகமாக ஒரு கம்பியைப் போட்டுக் கட்டிக் கொடுத்தார். அப்படியும் கதவு ஒருக்களித்துத்தான் நின்றது. படியேறுகிற, இறங்குகிற எல்லாருக்கும் வீடு தெரிந்தது. விளக்குப் போட்டாலும் தெரிந்தது, போடாவிட்டாலும் தெரிந்தது. நேற்றுவரை இல்லாமல் இருந்தவள் இன்று எந்நேரமும் இருந்தாக வேண்டியிருந்தது. சிலர் வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள். அது உற்றுப் பார்ப்பதைவிட மோசமாக இருந்தது. டிரைவரின் மகள் மட்டும் போகும்போதும் வரும்போதும் உள்ளே தலையை நீட்டி, "ஆன்ட்டி, இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். "இருக்கேன் கண்ணு" என்று டெய்லரம்மா ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னாள்.

கீழ்வீட்டுக்காரி குளிர்காலம் பாதி போகும்வரை பேசவில்லை. பிறகு ஒருநாள் சலவைக்கடைக்கே வந்து, லைனிங் கிழிந்த கோட்டை டெய்லரம்மாவின் மிஷின் மேல் வைத்தாள்.

"எப்பக் கிடைக்கும்?"

"உக்காருங்க, இப்பவே போட்டுத் தரேன்."

அவள் உட்காரவில்லை, ஆனால் போகவும் இல்லை. நின்றபடியே, பூசின கூரை இன்னும் காயாமல் நாறுகிறது என்று குறைப்பட்டுக்கொண்டாள். டெய்லரம்மா எல்லாவற்றுக்கும் "ஆமாங்க, ஆமாங்க" என்றாள். அவ்வளவுதான் சமாதானம். படியில் பார்த்தால் இப்போது நாலு வார்த்தை பேசிக்கொள்கிறார்கள். "அக்கா" மட்டும் இன்னும் திரும்பி வரவில்லை.

மகள் விடாப்பிடியாகக் கூப்பிட்டு, ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமை டெய்லரம்மா நிஜமாகவே பஸ் ஏறினாள். மாமியார் வீட்டில் எல்லாருக்கும் கதை தெரிந்திருந்தது. உள்ளே நுழைந்ததும் மகளின் நாத்தனார்கள் தேவைக்கு மேல் சிரித்தார்கள், தேவைக்கு மேல் பரிமாறினார்கள். டெய்லரம்மாவுக்குக் கையை எங்கே வைப்பது, கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தட்டிலிருந்ததை எண்ணெய் விட்ட மிஷின் மாதிரி மளமளவென்று சாப்பிட்டு முடித்தாள்.

சாப்பாடு முடிந்ததும் சம்பந்தியம்மா ஒரு பெரிய திரைச்சீலையைக் கொண்டுவந்து சோபாவில் போட்டார். கறாரான மனுஷி, வளவளவென்று பேசமாட்டார்.

"புதுசா வாங்கினேன். தரையில இழுபடுது. நீங்க கைத்தையல்ல மடிச்சுத் தருவீங்களா?"

பக்கத்தில் மகள் பதறினாள். "அத்தை, அம்மா இன்னைக்குத்தான் வந்திருக்காங்க, அவங்களைப் போய்..."

"கொடுங்க சம்பந்தி" என்று டெய்லரம்மா கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். கைப்பையில் ஊசியும் நூலும் எப்போதும் இருக்கும். ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, துணியை மடியில் பரப்பி, ஓரத்தை மடித்து முதல் தையலைப் போட்டாள். யாரையும் நிமிர்ந்து பார்க்கவேண்டிய அவசியம் இல்லாமல், சாயங்காலம்வரை அவர்கள் எல்லாருக்கும் நடுவில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள்.